போரடிக்கட்டும், விடுங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி வைரஸ் பற்றியோ பிரிண்டர் பற்றியோ இருப்பதில்லை. "பிள்ளைகளுக்கு என்ன கேம்ஸ் போட்டுக் கொடுக்கலாம்?" என்பதுதான் அது. சாப்ட்வேர் துறையில் இருப்பவன் என்பதால் என்னிடமும் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அதைக் கொடுத்து வந்தேன். அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றுக் கொள்வதற்காகவே இந்தக் கட்டுரை.

விருதுநகரில் இருக்கும் என் அக்கா சென்ற ஏப்ரலில் வீட்டிற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மகன் அப்போதுதான் நான்காம் வகுப்பு முடித்திருந்தான். விடுமுறையில் ஏதாவது கற்றுக் கொள்வான் என்பது அவர் எண்ணம். சென்னையிலிருந்து போய் அதை செட் செய்து கொடுத்தது நான்தான். ஆசை மருமகனாயிற்றே என்று எட்டு கேம்ஸ் இன்ஸ்டால் செய்தேன். வீடியோ தளத்திற்கு டெஸ்க்டாப்பின் நடுவிலேயே ஒரு ஷார்ட்கட் ஐகான் வைத்தேன். இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. பையன் முகத்தில் சிரிப்பு. வந்த வேலை முடிந்தது என்று ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அக்காவிடமிருந்து போன்.

"டேய், இந்தக் கம்ப்யூட்டர வந்து எடுத்துட்டுப் போயிரு."

"என்னக்கா ஆச்சு?"

"சாப்பிடும்போதும் வீடியோ ஓடணுமாம். அமத்தினா பத்து நிமிஷம் தாங்கல. போரடிக்குது, போரடிக்குதுன்னு பின்னாலயே வாரான். முன்னாடியெல்லாம் அவன் பாட்டுக்கு செங்கல்ல வச்சு எதையாவது கட்டிக்கிட்டு இருப்பான். இப்ப அதுவும் இல்ல."

கடைசியில் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு சின்ன வட்டம்

என் முதல் வேலையில் நான் எழுதிய புரோகிராம்களில் ஒன்று, ஒரு வீடியோ முடிந்து அடுத்தது தொடங்கும் முன் திரையில் எண்களைக் குறைத்துக் கொண்டே வரும் ஒரு சின்ன வட்டம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலில் பத்து நொடி என்று வைத்திருந்தோம். பிறகு ஐந்தாகக் குறைத்தோம். பிறகு மூன்று. ஒவ்வொரு முறை குறைத்தபோதும் ஒருவர் சராசரியாகப் பார்க்கும் நேரம் கூடியது. எல்லோரும் கை தட்டினோம். எனக்கு ஒரு பாராட்டு மெயிலும் வந்தது. அந்தப் பத்து நொடியில் பார்ப்பவர் என்ன செய்திருப்பார், "போதும், எழுந்திருப்போம்" என்று நினைத்திருப்பாரோ என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புதிய வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். ஒரு வேலையில் சலிப்பு தட்டும் இடம் பெரும்பாலும் அது முடியும் இடம்தான். பாடம் முடிகிறது, படம் முடிகிறது, பக்கம் முடிகிறது. அங்கே மனம் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கிறது. பழைய இணைய தளங்களில் பக்கத்தின் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அடுத்த பக்கம் வேண்டுமானால் நாம் கிளிக் செய்ய வேண்டும். அந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 2006ல் அஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே போகப் போக பக்கம் தானாக நீளும் முறையை உருவாக்கினார். நமக்கு ஒரு கிளிக் மிச்சம் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2015ல் யுடியூப் தளத்தில் அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோ பிளே வந்தது. நாம் நிறுத்தி வைத்தால்தான் நிற்கும். இவை எல்லாம் சேர்ந்து, முடியும் இடம் என்று எதுவுமே இல்லாமல் போய்விட்டது. பெரியவர்களே இதில் தடுமாறும்போது ஒன்பது வயதுப் பையன் என்ன செய்வான்?

இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். க்ரோம் பிரவுசரில் இணைப்பு இல்லாதபோது ஒரு டைனோசர் படம் வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அது ஓட ஆரம்பிக்கும், கள்ளிச் செடிகளைத் தாண்ட வேண்டும். 2014ல் இதைக் கொண்டு வந்தார்கள். இணைப்பு இல்லை என்று சொல்லும் அந்த ஒரு பக்கத்தில்கூட போரடிக்க விடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

எதுவுமே இல்லாத கம்ப்யூட்டர்

இப்போது 1980களின் தொடக்கத்திற்குப் போவோம். அன்று வெளிநாடுகளில் வீடுகளுக்கு வந்த கம்ப்யூட்டர்களில் ஒன்று கமோடோர் நிறுவனத்தின் விஐசி-20. டி.வி.யுடன் இணைத்து சுவிட்சைப் போட்டால், நினைவகத்தில் 3583 பைட் காலியாக உள்ளது என்று ஒரு வரி வரும். அதன் கீழே "ரெடி" என்று ஒரு சொல். அதற்கும் கீழே கண் சிமிட்டும் ஒரு கர்சர். அவ்வளவுதான். ஐகான் இல்லை, மெனு இல்லை, மவுஸ் இல்லை. நீங்கள் ஏதாவது சொன்னால்தான் அது ஏதாவது செய்யும். சொல்வதற்கு பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி உள்ளேயே இருந்தது. 3583 பைட் என்பது ஆங்கிலத்தில் டைப் செய்தால் இரண்டு பக்கம் வராது.

பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் இதை வாங்கினார். அவருக்கு டைப் செய்யப் பிடிக்காது. எனவே புரோகிராமைத் தாளில் எழுதி, மகள் வழிப் பேரனை மடியில் உட்கார்த்தி டைப் செய்யச் சொல்வார். பேரனுக்கு அப்போது 11 வயது இருக்கும். அந்தக் கம்ப்யூட்டருக்கென்று கிடைத்த கேம்ஸ் மிகக் குறைவு. கையேட்டில் இருந்த சின்னச் சின்ன புரோகிராம்களைப் பையன் டைப் செய்து பார்த்தான். அவை தீர்ந்தன. பிறகு தானே எழுதத் தொடங்கினான். சில ஆண்டுகளில் சின்க்ளேர் கியூஎல் என்ற வேறொரு கம்ப்யூட்டர் வாங்கினான். அதற்கும் பின்லாந்தில் சாப்ட்வேர் கிடைப்பது அரிது. எனவே அதற்கான எடிட்டரையும் கேமையும்கூட அவனே எழுதிக் கொண்டான். அந்தப் பையன் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991ல், 21 வயதில், லினக்ஸ் இயங்குதளத்தை அறிவித்தவர். உங்கள் கையில் ஆண்ட்ராய்ட் போன் இருந்தால் அதன் அடியில் இருப்பது லினக்ஸ்தான்.

அவர் அறிவாளி, எந்தக் கம்ப்யூட்டர் கிடைத்தாலும் எழுதியிருப்பார் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 1981ல் வந்த பிபிசி மைக்ரோவும் சுவிட்சைப் போட்டதும் பேசிக் கர்சரைக் காட்டும் கம்ப்யூட்டர்தான். (1984ல் நம் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியாவிற்கு வந்ததும் இதே பிபிசி மைக்ரோ.) அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும்போதே புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களாக வந்தார்கள். பின்னர் வீடுகளில் அதன் இடத்தை கேம் கன்சோல்களும் தயார் சாப்ட்வேர் நிறைந்த கம்ப்யூட்டர்களும் பிடித்துக் கொண்டன. 2000க்குப் பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பாடத்திற்கு விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது, வரும்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்ததும் குறைந்தது. அதைக் கண்டு கவலைப்பட்ட ஈபன் அப்டனும் நண்பர்களும்தான் 35 டாலர் விலையில் ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார்கள். 2012 பிப்ரவரி 29ல் அது விற்பனைக்கு வந்தது. பழைய வெற்றுத் திரையைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அவர்கள் எண்ணம்.

ஆக, நான் மருமகனுக்குக் கொடுத்த கம்ப்யூட்டரில் இருந்த குறை, அதில் ஏதோ இல்லை என்பதில் இல்லை. எல்லாம் இருந்ததுதான் குறை. மே மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக் கொண்டு பத்து நாளைக்கு விருதுநகர் கிளம்பினேன்.

காலி செய்தல்

நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இருப்பதாக எடுத்துக் கொள்கிறேன்.

முதலில் பையனுக்கென்று ஒரு தனி அக்கவுண்ட். செட்டிங்ஸ் பிரிவில் அக்கவுண்ட்ஸ் சென்று, அதர் யூசர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆட் அக்கவுண்ட் என்பதில் கிளிக் செய்திடவும். மின்னஞ்சல் முகவரி கேட்கும் கட்டத்தில் ஒன்றும் தர வேண்டாம். இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்று பொருள்படும் வரி கீழே இருக்கும். அதைக் கிளிக் செய்து, அடுத்த கட்டத்தில் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இல்லாமல் யூசரைச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுக்கவும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் முடிந்தது. இது ஸ்டாண்டர்ட் வகை அக்கவுண்ட்டாக அமையும். உங்கள் பைல்களை அதிலிருந்து தொட முடியாது. உங்கள் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்ட் பையனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதை முதலில் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. அதைச் செய்ய நான் ஒரு நாள் தாமதித்தேன். அந்த ஒரு நாளில், அக்காவின் அக்கவுண்ட்டில் சலிப்போடு உட்கார்ந்திருந்த மருமகன், ஆதார் ஸ்கேன் முதல் வீட்டு வரி ரசீது வரை எல்லா பைல்களையும் ஒரு புதிய போல்டருக்கு மாற்றி, அந்தப் போல்டரை அழித்தும் விட்டான். அழித்தால் எங்கே போகிறது என்று பார்த்தானாம்! நல்ல வேளை, ரீசைக்கிள் பின்னில் இருந்தது. போரடிக்க விட்டால் படம்தான் வரைவார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அடுத்து கேம்ஸ். செட்டிங்ஸ் பிரிவில் ஆப்ஸ், பிறகு இன்ஸ்டால்ட் ஆப்ஸ். ஒவ்வொன்றின் ஓரத்திலும் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து அன் இன்ஸ்டால் கொடுக்கவும். டாஸ்க் பாரில் செய்தியும் வானிலையும் காட்டிக் கொண்டிருக்கும் விட்ஜெட்ஸ் பகுதியை பெர்சனலைசேஷன், டாஸ்க் பார் சென்று நிறுத்திவிடலாம். சிஸ்டம் பிரிவில் நோட்டிபிகேஷன்ஸ் என்பதையும் ஆப் செய்திடவும். இவை இரண்டையும் பிள்ளையின் அக்கவுண்ட்டில் நுழைந்து செய்ய வேண்டும். இன்டர்நெட் வயர் என்றால் கழற்றிவிடுங்கள். வை-பி என்றால் இணைப்பை மறக்கச் செய்து, பாஸ்வேர்டை உங்களோடு வைத்துக் கொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் நீங்களே இணைத்துக் கொடுக்கலாம். அப்படி இணைக்கும் நேரத்தில் யுடியூப் வீடியோவின் கீழ்ப் பகுதியில் உள்ள சிறிய ஆட்டோ பிளே சுவிட்சை நகர்த்தி நிறுத்தி வையுங்கள். வீடியோ முடிந்தால் அங்கேயே நிற்கும்.

எதை விட்டு வைப்பது? பெயிண்ட், நோட்பேட், கால்குலேட்டர், சவுண்ட் ரெக்கார்டர். இவை நான்கும் விண்டோஸோடு வருபவை. எழுதிச் சொன்னால் படம் வரைந்து தரும் ஏஐ வசதி பெயிண்ட்டில் இப்போது வந்துவிட்டது. இன்டர்நெட்டும் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டும் இல்லாத நிலையில் அது குறுக்கே வராது. டைனோசரை நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாள் ஓட்டினான். அடுத்த கட்டம், பரிசு, புதிய உடை என்று எதுவும் வராது, அதே கள்ளிச் செடிதான். அதுவே அவனுக்குச் சலித்துவிட்டது.

அந்த இரண்டு நாள்

முதல் நாள் அழுகை. இதை எதிர்பார்த்தேன். இரண்டாம் நாள்தான் கஷ்டமாக இருந்தது. அழவில்லை. ஹாலில் பேன் காற்றில் தரையில் மல்லாந்து படுத்துக் கிடந்தான். நான் லேப்டாப்பில் வேலை பார்த்துக் கொண்டிருந்தேன். "மாமா, போரடிக்குது" என்பான். "ம்" என்பேன். மத்தியானத்திற்குள் பதினான்கு முறை சொன்னான், எண்ணினேன். அக்கா அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். என் போனை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு முறை கை போனது. பிள்ளை சலிப்போடு கிடப்பதைப் பார்த்துக் கொண்டிருப்பது பெரியவர்களுக்குத்தான் பெரிய கஷ்டம் என்பது அன்றைக்குப் புரிந்தது.

சும்மா இருப்பதை மனிதர்கள் எவ்வளவு வெறுக்கிறார்கள் என்பதற்கு ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமோதி வில்சன் குழுவினர் செய்து 2014ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. ஒரு காலி அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வேண்டும். கையில் ஒன்றும் கிடையாது. ஒரு பட்டன் மட்டும் உண்டு. அழுத்தினால் லேசான மின் அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி பிடிக்கவில்லை, அதைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்பேன் என்று முன்பே சொன்னவர்கள்தான் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பட்டனை அழுத்திவிட்டார்கள்! எனவே உங்கள் பிள்ளை "போரடிக்குது" என்று புலம்பினால், அது பிள்ளையின் தனிக் குறை என்று எண்ண வேண்டாம்.

சலிப்புக்குப் பின் என்ன வருகிறது என்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாண்டி மான், ரெபெக்கா காட்மன் இருவரும் 2014ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினரை 15 நிமிடம் டெலிபோன் டைரக்டரியிலிருந்து எண்களைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். பிறகு, இரண்டு கப்களைக் கொடுத்து அவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். நேரடியாக இந்தக் கேள்விக்கு வந்தவர்களைவிட, எண்களை எழுதிச் சலித்தவர்கள் கூடுதல் யோசனைகளைச் சொன்னார்கள். அடுத்த சோதனையில் எண்களை எழுத வேண்டாம், வெறுமனே படித்தால் போதும் என்றார்கள். இவர்கள் அதைவிட நன்றாகச் செய்தார்கள். எழுதும்போது கையும் கண்ணும் கட்டிப் போடப்படுகின்றன. வெறுமனே படிக்கும்போது மனம் எங்கெங்கோ போய் வர இடம் இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

இதை வைத்து ரொம்பவும் ஆட வேண்டாம். சோதனையில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள், எண்ணிக்கையும் சிறியது. ஆனால் நமக்கு ஒரு குறிப்பு இதில் கிடைக்கிறது. "போரடிக்குதா? அப்ப பத்துப் பக்கம் காப்பி எழுது" என்று சொல்வதால் பயன் இல்லை. அது சலிப்பைத் தரும், யோசிக்க இடம் தராது. தரையில் படுத்து பேனைப் பார்ப்பதில் அந்த இடம் இருக்கிறது.

இன்னொன்று. சலிப்பும் தனிமையும் வேறு வேறு. வீட்டில் ஆள் இல்லாமல், பேசத் துணை இல்லாமல் கிடக்கும் பிள்ளையை "சும்மா இருக்கட்டும்" என்று விடுவதை நான் சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கூப்பிட்டால் "ம்" என்றாவது சொல்ல வேண்டும். வேலை கொடுக்காமல் இருப்பது மட்டும்தான் நம் வேலை.

சிவப்பு பஸ்

மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் கம்ப்யூட்டர் பக்கமிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். பெயிண்ட்டில் ஒரு சிவப்பு பஸ் வரைந்திருந்தான். சக்கரம் இரண்டும் ஒரே அளவில் இல்லை. சேவ் செய்யத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்து, பேசாமல் வந்துவிட்டேன்.

மத்தியானம் அவனே வந்து கூப்பிட்டான். பஸ் படத்தை சேவ் செய்திருக்கிறான். பிறகு செலக்ட் டூல் மூலம் பஸ்ஸைச் சுற்றி கட்டம் போட்டு, சற்று வலப்பக்கம் இழுத்து, வேறு எண் கொடுத்து சேவ் ஆஸ். மறுபடி இழுத்து மறுபடி சேவ் ஆஸ். இப்படி பதினோரு பைல். முதல் படத்தை போட்டோஸ் புரோகிராமில் திறந்து, கீ போர்டில் வலப்பக்க அம்புக் குறியைத் தொடர்ந்து தட்டிக் காட்டினான். பஸ் நகர்ந்தது!

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அனிமேஷன் என்ற சொல்கூட அவனுக்குத் தெரியாது. ஏதோ ஒரு படத்தைத் திறந்து பார்க்கும்போது அம்புக் குறியில் கை பட்டு அடுத்த படம் வந்திருக்கிறது, அதிலிருந்து பிடித்திருக்கிறான்.

ஒரு சிக்கலும் வந்தது. பஸ்ஸை இழுத்தால் அடியில் இருந்த ரோடும் கூடவே போய், பழைய இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை விழுந்தது. அதற்கு இரண்டு மூன்று வழிகள் எனக்குத் தெரியும். சொல்லித் தரத் துடித்த நாக்கைக் கடித்துக் கொண்டேன். மாலைக்குள் அவனே ஒரு வழி கண்டான். ரோட்டைக் கடைசியில் வரைய வேண்டும், பஸ் சக்கரம் ரோட்டைத் தொடாமல் ஒரு முடி அளவு மேலே நிற்க வேண்டும். கிட்டே போய்ப் பார்த்தால் பஸ் பறப்பது போல் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்த நான்கு நாள் இதே வேலைதான். பாலம் வந்தது. பாலத்தில் ஏறும்போது பஸ் லேசாக மேலே போயிற்று. சவுண்ட் ரெக்கார்டரில் தன் வாயாலேயே ஹாரன் அடித்துப் பதிவு செய்து, ஒரு கையால் அம்புக் குறியைத் தட்டிக் கொண்டே மறு கையால் மவுஸைப் பிடித்து ஒலியை ஓட விட்டான். இடையிடையே மறுபடி தரையில் படுத்துக் கொள்வான். அப்போது "போரடிக்குது" என்று சொல்வதில்லை என்பதைக் கவனித்தேன். எழுந்ததும் நேராக கம்ப்யூட்டருக்குப் போனான்.

அறுபத்து மூன்றாவது படத்தில் மறுபடி சலிப்பு வந்தது. இது வேறு விதமான சலிப்பு. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு வந்து கேட்டான்.

"மாமா, ஒவ்வொண்ணா நானே நகட்டணுமா? நீ இவ்வளவு நகரு, நீ இவ்வளவு நகருன்னு சொன்னா கம்ப்யூட்டரே செய்யாதா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கல்லூரியில் எனக்கு முதல் வருடம் லூப் என்ற பாடத்தை நடத்தினார்கள். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது எப்படி என்பதுதான் லூப். பரீட்சை எழுதினேன், பாஸ் செய்தேன். அது எதற்காக என்று அப்போது நான் கேட்டதே இல்லை. இவன் அறுபத்து மூன்று முறை கையால் இழுத்துச் சலித்துவிட்டு, அந்தப் பாடம் எனக்கு வேண்டும் என்று வந்து நிற்கிறான்.

அன்று மாலைதான் இன்டர்நெட்டை இணைத்து ஸ்கிராட்ச் புரோகிராமை இறக்கினேன். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் பிள்ளைகளுக்காக உருவாக்கி 2007ல் வெளியிட்டது. இலவசம். இதில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டியதில்லை. வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும் கட்டளைகளை மவுஸால் இழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும் வகையை இறக்கிக் கொண்டால் பிறகு இன்டர்நெட் தேவையில்லை. பையனின் பஸ் படத்தை அதற்குள் கொண்டு வந்து, நகரச் சொல்லும் கட்டையையும் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டையையும் மட்டும் காட்டினேன். இணைப்பை மறுபடி துண்டித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இதையே ஏப்ரலில் முதல் நாளே இன்ஸ்டால் செய்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எட்டு கேம்ஸோடு ஒன்பதாவதாக அதுவும் கிடந்திருக்கும். எனவே கற்றுக் கொடுக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே வாங்கி நிரப்பி வைக்காதீர்கள் என்பதே என் யோசனை. கேட்கும்வரை பொறுங்கள். ஒருவேளை உங்கள் பிள்ளை கம்ப்யூட்டரைத் தொடாமல் செங்கல்லுக்கே திரும்பப் போகலாம். அதுவும் சரிதான், கரன்ட் பில் மிச்சம்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்காதீர்கள். இவனுக்கு மூன்று நாள். பக்கத்துத் தெருவில் இதைக் கேள்விப்பட்டுச் செய்து பார்த்த வீட்டில் இரண்டு வாரம் ஆனது. அந்தப் பெண் நோட்பேடில் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எதையோ எழுதிக் கொண்டிருக்கிறாள், யாருக்கும் காட்ட மாட்டாளாம்.

நான் சென்னைக்குத் திரும்பிய மறுவாரம் இரவு மருமகனிடமிருந்து போன். பஸ் இப்போது தானாக ஓடுகிறது. ஆனால் ஸ்டாப்பில் நிற்காமல் போய்க் கொண்டே இருக்கிறது, எப்படி நிறுத்துவது என்று கேட்டான். காத்திரு என்று சொல்லும் கட்டை ஒன்று அதில் இருக்கிறது, எனக்குத் தெரியும். "நாளைக்குச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"மாமா, நீங்க சொல்ல வேண்டாம், கண்டுபிடிச்சிட்டேன். பாலவநத்தத்துல ஒரு செகண்ட் நிக்குது. அருப்புக்கோட்டையில மட்டும் ரொம்ப நேரம் போட்டிருக்கேன்."

"ஏன்டா?"

"டிரைவர் டீ குடிக்க வேண்டாமா?"